அங்கே அவர்களுக்கு என்ன வேலை?

பொதுக் கட்டடம் ஒன்று இன்று புதிதாக எழும்புமானால், அதன் முன்வாயிலில் படிகளுக்குப் பக்கத்தில் சாய்தளம் வேண்டும், உள்ளே அகலமான கதவு வேண்டும், லிப்டின் பொத்தான்களில் பிரெயில் எழுத்து வேண்டும் என்று கேட்க எவரும் தயங்குவதில்லை. கொடுக்க மனமில்லாதவர்கூட வாய்விட்டு மறுப்பதில்லை. ஆனால் அதே கட்டடத்தின் பின்புறம் சென்று பார்ப்போம். மின்சார ஸ்விட்சுப் பலகைகள் நிற்கும் அறை, தண்ணீர் இறைக்கும் பம்பு அறை, குளிர்சாதன யந்திரங்கள் இரையும் தளம், கம்ப்யூட்டர் பெட்டிகளை அடுக்கிய அறை, சமையற்கூடம், சலவையறை, சாமான் கிடங்கு ஆகிய இவற்றின் வாயிலில் சக்கர நாற்காலி நுழையுமா என்று கேட்பார் இல்லை. கேட்டாலோ, "அங்கே அவர்களுக்கு என்ன வேலை?" என்பதே விடையாக வருகிறது. இந்த விடையை ஆராயவே இன்று எழுதப் புகுந்தோம்.

மேற்படி விடைக்குள் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது. உடற்குறை உடையவர் கட்டடத்திற்கு வாடிக்கைக்காரராக வருவார், நோயாளியாக வருவார், மனுக் கொடுக்க வருவார், வேடிக்கை பார்க்கவும் வருவார். அந்தக் கட்டடத்தை நடத்துகிறவராக மட்டும் வரமாட்டார் என்பதே அவ்வனுமானம். கையில் காசுடன் வருகிறவருக்கு வழி விடுவது வியாபார புத்தி. கையில் திருப்புளியுடன் வருகிறவருக்கு வழி விடுவதே நியாய புத்தி. முன்னதைச் சட்டங்கள் நன்றாகவே வற்புறுத்துகின்றன. பின்னதில் அவை எவ்வளவு தூரம் சென்றிருக்கின்றன என்பது பார்க்கத்தக்கது.

இந்த விஷயத்தை அங்குலக் கணக்கில் நுணுகி எழுதிவைத்திருப்பது அமெரிக்க ஐக்கிய நாட்டுச் சட்டம். 1990ஆம் வருஷம் ஜூலை 26ஆம் தேதி கையெழுத்தான அந்நாட்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் கீழ், 1991இல் முதல் கட்டட விதிகளும், 2010இல் திருத்திய விதிகளும் வெளிவந்தன. பின்னவை 2012 மார்ச்சு 15 முதல் கட்டாயமாயின. கதவின் திறப்பு 32 அங்குலத்துக்குக் குறையக் கூடாது, ஓர் அடி உயரத்திற்குப் பன்னிரண்டடி நீளமேனும் சாய்தளம் ஓட வேண்டும், கையால் இயக்கும் பொருள்கள் தரையிலிருந்து 15 அங்குலத்திற்கும் 48 அங்குலத்திற்கும் இடையில் இருக்க வேண்டும், அவற்றை இயக்க ஐந்து பவுண்டுக்கு மேல் பலம் தேவைப்படலாகாது என்றெல்லாம் அவ்விதிகள் வகுக்கின்றன. நமது நாட்டில் இதுபற்றிய விதிகளை எழுதுவோர் அவற்றின் நன்மையையும் குறையையும் ஒருங்கே அறிந்துகொள்வது பயன் தரும். ஆகவே முதலில் அங்கே செல்வோம்.

இவ்வளவு நுட்பமான விதிகளின் ஓர் ஓரத்தில் விலக்குகள் இருக்கின்றன. உபகரணங்களைப் பராமரிக்கவும், பழுது பார்க்கவும், எப்போதாவது கண்காணிக்கவும் பணியாட்கள் மட்டுமே சென்றுவரும் இடங்களுக்கு இவ்விதிகள் பொருந்தா. லிப்டின் அடிப்பள்ளமும் மேல்மாடி யந்திர அறையும், மின்சாரம், செய்திப் போக்குவரத்து முதலியவற்றின் உபகரண அறைகளும், குழாய்களை ஒட்டிச் செல்லும் ஒடுங்கிய நடைமேடைகளும், கழிவுநீர் பம்பு நிலையங்களும், டிரான்ஸ்பார்மர் அறைகளும் அங்கே பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டிருக்கின்றன. ஏணியாலோ தவழ்ந்து செல்லும் வழியாலோ மிகக் குறுகிய சந்தாலோ மட்டும் அடையத்தக்க இடங்களுக்கும் விலக்கு உண்டு. பராமரிப்புப் பணியாட்கள் மட்டும் தொடும் பிடிகளுக்கும் விசைகளுக்கும் மேலே சொன்ன 48 அங்குலக் கணக்கும் ஐந்து பவுண்டுக் கணக்கும் கிடையா. எல்லோரும் தொடும் கைப்பிடி எல்லோருக்கும் எட்ட வேண்டும். வேலைக்காரன் தொடும் கைப்பிடி எங்கே இருந்தாலும் இருக்கட்டும் என்பதே இதன் தாத்பரியம்.

வக்கீல்கள் கவனிக்கத்தக்க விசேஷம் ஒன்று இதில் உண்டு. 1991ஆம் வருஷத்து விதியில் விலக்குப் பெறுவதற்கு மூன்று நிபந்தனைகள் ஒன்றாகக் கூட வேண்டியிருந்தது. அந்த இடம் மனிதர் தங்கியிருந்து புழங்காத இடமாக இருக்க வேண்டும். ஏணி, ஒடுங்கிய நடைமேடை, மிகக் குறுகிய சந்து, சரக்கு லிப்டு போன்றவற்றால் மட்டும் அடையத்தக்கதாக இருக்க வேண்டும். பழுது பார்க்கும் பணியாட்கள் மட்டுமே அங்கே செல்வதாகவும் இருக்க வேண்டும். 2010இல் முதல் நிபந்தனை எடுபட்டது. மற்ற இரண்டும் தனித்தனி விலக்குகளாகப் பிரிக்கப்பட்டன. ஏதேனும் ஒன்று பொருந்தினால் போதும். விரிந்த கதவும் சமதளமான தரையும் எளிதில் அமையக்கூடிய உபகரண அறையும் 'பணியாட்கள் மட்டும் செல்வது' என்ற ஒரே காரணத்தால் விதியிலிருந்து தப்பியது. முன்னைவிட அதிகமான இடங்கள் இதனால் விலக்குப் பெறுகின்றன என்று அந்நாட்டு நீதி இலாகாவே தன் விளக்கவுரையில் ஒப்புக்கொண்டிருக்கிறது. வேறு பல அம்சங்களில் முன்னேறிய சட்டம் இந்த ஒன்றில் பின்வாங்கியிருக்கிறது. ஓர் 'உம்' போய் ஓர் 'அல்லது' வந்தமையால் எத்தனை கதவுகள் குறுகின என்பதை எவரும் எண்ணிப் பார்க்கமாட்டார்கள். கட்டப்படாத சாய்தளத்திற்குக் கணக்கு ஏது?

விலக்கே கூடாது என்று நாம் வாதிக்கவில்லை. லிப்டின் அடிப்பள்ளத்திற்குச் சாய்தளம் கேட்பது நகைப்புக்கு இடமாகும். உயர் அழுத்த மின்சாரம் ஓடும் அறையில் மனிதன் நிற்கும் இடத்தின் அளவை அபாயமே நிர்ணயிக்கிறது. ஒரு வருஷத்தில் இரண்டு தடவை ஒருவர் ஏறிப் பார்க்கும் தண்ணீர்த் தொட்டியின் உச்சிக்கு லிப்டு அமைக்கும்படி கட்டட சொந்தக்காரரை நிர்ப்பந்திப்பது நியாயமாகாது. நமது கேள்வி வேறு. விலக்கின் ஆதாரம் அந்த இடத்தின் இயற்கையா, அங்கே போகும் மனிதனைப் பற்றிய அனுமானமா? பள்ளம் பள்ளமாக இருப்பதால் விலக்கு என்றால் ஒத்துக்கொள்ளலாம். 'பணியாட்கள்தாமே போகிறார்கள், அவர்கள் திடகாத்திரர்களாகத்தான் இருப்பார்கள்' என்பதால் விலக்கு என்றால், சட்டம் எந்த வேற்றுமையை ஒழிக்கப் பிறந்ததோ அதே வேற்றுமையைத் தன் ஷரத்திலேயே எழுதி வைத்துக்கொள்கிறது.

யந்திர அறையைவிட முக்கியமானது வேலையறை. சமையற்கூடம், சலவைச்சாலை, பட்டறை, கிடங்கு, அலுவலகத்தின் உள்ளறை யாவும் இதில் அடங்கும். இவற்றிற்கு அமெரிக்க விதி முழு விலக்கு அளிக்கவில்லை. முழு உரிமையும் அளிக்கவில்லை. உடற்குறை உடையவர் அந்த இடத்தை அணுகவும், உள்ளே நுழையவும், வெளியே வரவும் முடிந்தால் போதும் என்கிறது. நுழைந்தபின் மேஜை எட்டுமா, அடுப்பு எட்டுமா, நாற்காலியைத் திருப்ப இடமுண்டா என்பதைப் பற்றிப் பேசவில்லை. 1,000 சதுர அடிக்கு மேற்பட்ட வேலையறைகளில் பொதுவாக நடமாடும் பாதைகள் தடையின்றி இருக்க வேண்டுமென்று 2010இல் சேர்த்தார்கள். அது நல்ல காரியமே. ஆனால் 300 சதுர அடிக்குக் குறைந்து, வேலையின் தேவையை முன்னிட்டுத் தரையிலிருந்து ஏழு அங்குலமேனும் உயர்த்திக் கட்டிய வேலைமேடைகளுக்கு நுழையும் உரிமைகூடக் கிடையாது.

இங்கே நமது சொந்தத் தொழிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. விளையாட்டரங்குகளில் நிருபர்கள் அமரும் மாடம் ஆசன வரிசைகளின் நடுவில் இருந்து, அத்தகைய மாடங்களின் மொத்தப் பரப்பு 500 சதுர அடிக்கு மேற்படாமல், நுழைவாயிலும் ஒரே மட்டத்தில் இருக்குமானால், அதற்குத் தடையற்ற வழி அவசியமில்லை. பன்னிரண்டடிக்கு மேல் உயர்த்தித் தனியாகக் கட்டிய சிறு மாடத்திற்கும் அவ்விதமே. பந்தாட்டத்தைப் பார்க்க டிக்கெட் வாங்கியவர் சக்கர நாற்காலியில் வரலாம். அதைப் பற்றி எழுதுகிறவர் வரமாட்டார் என்று விதி எழுதியவர்கள் எண்ணினார்கள் போலும்.

வேலையறையை இவ்வாறு பாதியில் விட்டதற்கு அவர்கள் கூறும் சமாதானம் முற்றும் அலட்சியம் செய்யத்தக்கதல்ல. அதே சட்டத்தின் முதற் பாகப்படி, பதினைந்து பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் ஸ்தாபனங்களின் முதலாளிகள், உடற்குறையுள்ள ஊழியருக்கு அவருடைய தேவையை ஒட்டி நியாயமான ஏற்பாடு செய்து கொடுக்கக் கடமைப்பட்டவர்கள். ஒருவருடைய தேவை மற்றவருடையதைப் போல இராது; ஆகவே ஆள் வந்தபின் அறையைத் திருத்திக்கொள்ளலாம் என்கிறார்கள். மேஜையைப் பொறுத்தவரை இது சரி. மேஜையை ஒரு நாளில் தாழ்த்தலாம். சுவரை என்ன செய்வது? கான்கிரீட்டில் வார்த்த படியை, தூண்களுக்கு நடுவில் அமைந்த 26 அங்குல வாசலை, ஒருவர் வேலைக்கு மனுப் போட்ட பிறகு இடிக்கப் போகிறவர் யார்? அப்போது 'அளவு கடந்த சிரமம்' என்று முதலாளி சொல்வதற்கும் அதே சட்டம் இடங்கொடுக்கிறது. கட்டும்போது சில அங்குலம் கூட்டியிருந்தால் தீர்ந்திருக்கும் காரியம், கட்டியபின் வழக்காக வளர்கிறது. மனுதாரருக்கோ வழக்கு அன்று தேவை. அவர் கேட்டது வேலை.

இன்னொரு வேடிக்கை. மத்திய சர்க்காரின் பணத்தால் அந்நாட்டில் எழும்பும் கட்டடங்களை 1968ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று ஆளுகிறது. அதன் கீழுள்ள விதிகளில் வேலையறைக்கு இந்தச் சலுகை இல்லை. மற்ற அறைகளைப் போலவே வேலையறையும் முழுமையாகத் தடையற்றிருக்க வேண்டும். ஒரே நாடு, ஒரே வகையான மனிதர்கள். சர்க்கார் கட்டடத்தில் மேஜைவரை செல்லலாம்; எதிர்த்தெருவிலுள்ள தனியார் கட்டடத்தில் வாசலைக் கடந்ததும் உரிமை நின்றுவிடும். வேலையறையை முழுமையாக அமைப்பது இயலாத காரியம் என்ற வாதத்தை அந்நாட்டுச் சர்க்கார் கட்டடங்களே பொய்ப்பித்துக்கொண்டு நிற்கின்றன.

நாம் மெச்சத்தக்க யோசனையும் அவ்விதிகளில் இருக்கிறது. நியாயஸ்தலத்தில் நீதிபதியின் ஆசனம் மேடைமேல் இருப்பது வழக்கம். வேலைமேடைகளுக்குச் சொன்ன ஏழு அங்குல விலக்கு நியாயஸ்தல மேடைகளுக்கு இல்லை என்று விதி தெளிவாகக் கூறுகிறது. அதே சமயத்தில், இன்றே அங்கே சாய்தளமோ லிப்டோ இருந்தாக வேண்டும் என்றும் கூறவில்லை. பிற்காலத்தில் அதை அமைக்க வேண்டிய இடத்தையும், திரும்புவதற்கான பரப்பையும், வேண்டுமானால் மின்சார இணைப்பையும் கட்டும்போதே விட்டு வைக்க வேண்டும், இடித்துக் கட்டும் நிலை வரலாகாது என்கிறது. வேலையறையில் தீ விபத்து மணிக்கும் இப்படியே. ஒலியால் எச்சரிக்கும் மணி உள்ள இடத்தில், காது கேளாத ஊழியர் ஒருவர் வரும்போது ஒளி விளக்கைச் சேர்க்கக்கூடிய விதத்தில் கம்பிகளை முதலிலேயே அமைத்திருக்க வேண்டும். இன்னும் வராத மனிதருக்காக இன்று சுவருக்குள் ஒரு கம்பியை இழுத்து வைப்பது! அந்த மேடைக்கு உடற்குறை உள்ள ஒருவர் ஒரு நாள் நீதிபதியாக வருவார் என்று சட்டம் நம்புகிறது. நமது நாட்டிலும் 2025 மார்ச்சு 3ஆம் தேதி ஸுப்ரீம் கோர்ட்டார், பார்வையின்மை ஒன்றையே காரணமாக்கி எவரையும் நீதித்துறைப் பணியிலிருந்து விலக்கலாகாது என்று தீர்ப்பளித்திருக்கிறார்கள். மேடைக்கு வரும் மனிதர் கற்பனை மனிதர் அல்லர்.

இந்த நம்பிக்கையை நீதிபதியிடம் வைத்தவர்கள் மின்சாரத் தொழிலாளியிடம் ஏன் வைக்கவில்லை? தொழில் நுட்பமோ அவர்களுடைய அனுமானத்தை நாள்தோறும் பொய்யாக்கி வருகிறது. லிப்டின் யந்திர அறையையே எடுத்துக்கொள்வோம். மொட்டைமாடிக்கு மேல் ஏணி வைத்து ஏறும் அறை என்பதுதான் பழைய வழக்கம். 1996இல் பின்லாந்து தேசத்துக் கோனே கம்பெனியார், தனி யந்திர அறையே தேவையில்லாத லிப்டை வெளியிட்டார்கள். யந்திரம் லிப்டின் கூண்டு ஓடும் வழியிலேயே அடங்கிவிட்டது. பம்புகளையும் குளிர்சாதனத்தையும் இன்று பல கட்டடங்களில் ஒருவர் ஒரு திரைக்கு முன் உட்கார்ந்தே கவனிக்கிறார். எட்டு மணி நேரம் ஒருவர் உட்காரும் அந்த அறை 'எப்போதாவது கண்காணிக்கும்' இடமாகாது. அது முழு வேலையறை. ஆனால் வரைபடத்தில் அதற்கும் 'உபகரண அறை' என்று பெயர் சூட்டிவிட்டால் ஷரத்துக்கு வெளியே போய்விடுகிறது. விலக்கின் அபாயம் இங்கேதான். விலக்கு அறைக்கு அளிக்கப்படுகிறது. அறையின் பெயரையோ கட்டுகிறவரே வைக்கிறார்.

இனி நமது நாட்டுக்கு வருவோம். 2016ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2017 ஏப்ரல் 19 முதல் அமலில் இருக்கிறது. 'பொதுக் கட்டடம்' என்பதற்கு அது கூறும் இலக்கணத்தில், ஜனங்கள் பயன்படுத்தும் சர்க்கார் கட்டடமும் தனியார் கட்டடமும் அடங்குவதோடு, தொழில் செய்யும் இடம் என்ற சொல்லும் வெளிப்படையாகவே இருக்கிறது. சர்க்கார் ஸ்தாபனம் ஒவ்வொன்றும் தன் மாற்றுத்திறனாளி ஊழியர்களுக்கு நியாயமான ஏற்பாடுகளையும் தடையற்ற சூழ்நிலையையும் அளிக்க வேண்டுமென்று 20ஆம் பிரிவு விதிக்கிறது. 34ஆம் பிரிவு சர்க்கார் உத்தியோகங்களில் நூற்றுக்கு நான்கு இடங்களை ஒதுக்குகிறது. 1995ஆம் வருஷத்துச் சட்டத்தில் மூன்றாக இருந்தது. சட்டத்தின் வாசகம் இவ்விதம் அமெரிக்க விதியைவிடத் தாராளமானது. வேலைக்காரன் என்றும் வாடிக்கைக்காரன் என்றும் அது பிரித்துப் பேசவில்லை.

ஊழியத்தில் இருக்கும்போதே உடற்குறை நேர்ந்தவரை நீக்கவோ பதவியில் தாழ்த்தவோ கூடாது என்பதும் அச்சட்டத்தில் உண்டு. இது 1995ஆம் வருஷத்துச் சட்டத்திலேயே இருந்த பாதுகாப்பு. கடமையிலிருந்தபோது ஏற்பட்ட காயத்தால் இடது காலை இழந்து வேலையிலிருந்து அனுப்பப்பட்ட கான்ஸ்டபிள் குணால் சிங்கின் வழக்கில், ஸுப்ரீம் கோர்ட்டார் 2003இல் இந்தப் பாதுகாப்பை உறுதி செய்தார்கள். இருபது வருஷம் ஓர் ஆஸ்பத்திரியின் மின்சார அறையைப் பார்த்துவந்த தொழிலாளி ஒருவர் தூணிலிருந்து விழுந்து காலை இழக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த அறையின் ஒவ்வொரு விசையும் அவருக்குத் தெரியும். ஏணி ஏறும் வேலையை வேறொருவர் செய்ய, பலகையின் முன்னிருந்து மேற்பார்வை செய்ய அவரைக் காட்டிலும் தகுந்தவர் கிடைப்பது அரிது. சட்டம் அவருடைய சம்பளத்தைக் காப்பாற்றுகிறது. அறை வாசலிலுள்ள ஒன்பது அங்குலப் படியோ அவரைத் தபால் பிரிக்கும் மேஜைக்கு அனுப்பிவிடுகிறது. சம்பளம் குறையவில்லை, ஆகவே குறையில்லை என்று கோப்பு முடிகிறது. ஒரு மனிதனுடைய தொழில் அவனை விட்டுப் போனதற்குக் கோப்பில் இடமில்லை.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடான் என்பார்கள். சட்டம் கட்டாயமாகக் கூறியதை, 2017 ஜூனில் வெளியான விதிகளில் 15ஆவது விதி வழிகாட்டு நெறிகளிடம் ஒப்படைத்தது. வழிகாட்டுதல் என்பது கேட்டால் கேட்கலாம், விட்டால் விடலாம் என்ற பொருளிலேயே நடைமுறையில் புழங்கியது. 2005இல் ராஜீவ் ரதூரி தொடுத்த வழக்கில் ஸுப்ரீம் கோர்ட்டார் 2017இல் பல உத்தரவுகள் பிறப்பித்தும் காரியம் நடக்கவில்லை. பின்னர் 2024 நவம்பர் 8ஆம் தேதி, அந்த 15(1)ஆவது விதி தாய்ச் சட்டத்திற்கே முரணானது என்று தீர்ப்பளித்து, மீறவொண்ணாத அடிப்படைத் தேவைகளைப் பிரித்தெடுத்து மூன்று மாதத்திற்குள் கட்டாய விதிகளாக வகுக்குமாறு மத்திய சர்க்காருக்கு ஆணையிட்டார்கள். தீர்ப்பு மிகவும் போற்றத்தக்கது. ஆனால் 'மீறவொண்ணாதவை' என்று எவற்றைப் பிரித்தெடுப்பது? பிரிக்கும்போதுதான் பின்கட்டு அறைகள் கைவிடப்படும் என்பது நமது அச்சம். முன்வாயிலும், லிப்டும், கழிப்பிடமும் பட்டியலில் ஏறிவிடும். அவற்றிற்காகப் பேசுவோர் பலர். பம்பு அறைக்கு வழக்கறிஞர் யார்?

கட்டாய விதி எந்த வாசகத்தில் அமைந்தாலும் அதில் சில அம்சங்கள் இடம்பெற்றே தீர வேண்டும் என்பது நமது அபிப்பிராயம். ஏணியாலன்றி அடைய முடியாத இடம், உயிருக்கு அபாயமான இடம் என இடத்தின் இயற்கையை ஒட்டியே விலக்கு அளிக்க வேண்டும். 'பணியாட்கள் மட்டும்' என்ற சொற்றொடர் தனியாக நின்று விலக்குத் தரலாகாது. எந்த அறையிலேனும் ஒருவர் தினந்தோறும் அமர்ந்து வேலை செய்வாரானால், அதன் பெயர் எதுவாயினும் அது வேலையறையே. கதவின் அகலமும் தரையின் மட்டமும் உபகரண அறைகளிலும் முதலிலேயே சரியாக இருக்கட்டும்; இவை கட்டும்போது சொற்பச் செலவு, கட்டியபின் பெருஞ்செலவு. விளக்கையும் மேஜையையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம், அதற்குரிய கம்பியும் இடமும் காத்திருக்குமானால்.

புதிய சட்டத்தைத் தேடி இதற்காக அலைய வேண்டியதில்லை. விதிகளுக்கு இணங்காத வரைபடத்துக்கு அனுமதியும், இணங்காத கட்டடத்துக்கு முடிவுச் சான்றிதழும் தரக்கூடாதென்று 2016ஆம் வருஷத்துச் சட்டத்தின் 44ஆம் பிரிவு கூறுகிறது. மீறினால் முதல் தடவை பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம் என்பது 89ஆம் பிரிவு. அந்தத் தொகை ஒரு பெரிய கட்டடத்தின் பெயர்ப்பலகைச் செலவுக்குக்கூடக் காணாது. ஆகவே அபராதத்தைவிடச் சான்றிதழே பலமான ஆயுதம். அதில் கையெழுத்திடும் அதிகாரி, வரைபடத்தில் 'உபகரண அறை' என்று குறித்திருக்கும் ஒவ்வொரு கட்டத்தின் மேலும் விரலை வைத்து, இங்கே ஒருவர் ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் இருப்பார் என்று கட்டடக்காரரைக் கேட்டு, அவர் கூறும் விடையை அந்த வரைபடத்திலேயே எழுதி வாங்கிக்கொள்ளட்டும்.